உடைவதற்கென்றே செய்த போல்ட்

என் கணவருக்குப் பிடித்திருந்த ஒரே வேலை என்னால்தான் போனது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கதையோடு கதையாக மழுப்பிவிடுவேன். என் குணம் எனக்குத் தெரியும்.

அவர் ஆறுதலான, அவசரமே இல்லாத மனிதர். ஒரு கோப்பை தேநீரை அரை மணித்தியாலம் வைத்துக் குடிப்பார். சப்பாத்து நாடாவை முடியுமுன் இரண்டு பக்கமும் ஒரே நீளமா என்று இழுத்துப் பார்ப்பார். நான் நேர்மாறு. இங்கே பலெர்மோவின் கபோ சந்தையில் மீன்காரன் விலை சொல்லி முடிப்பதற்குள் நான் அடுத்த தட்டுக்குப் போய்விடுவேன். "பதறாத காரியம் சிதறாது" என்பார் அவர். "பதறாட்டி உங்களுக்குக் காரியமே நடக்காது" என்பேன் நான். இப்படியே இருபத்தாறு வருடம் ஓடிவிட்டது.

ஊரில் அவர் சங்கத்து உழவு மெஷின், அதாவது டிராக்டர், ஓட்டியவர். வயலில் மெஷின் நின்றுவிட்டால் மற்றவர்கள் சத்தம் போடுவார்கள், இவர் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருப்பார், கடைசியில் இவர்தான் அதை ஓடவைப்பார் என்று மாமி சொல்லியிருக்கிறார். இத்தாலிக்கு, பலெர்மோவுக்கு வந்த பிறகு அவர் கையில் பிடித்த ஒரே மெஷின் தும்புத்தடிதான். லிபெர்த்தா தெருவில் ஐந்து அடுக்குமாடிகளின் படிகளைத் துடைப்பார். பத்தொன்பது வருடம் மேலிருந்து கீழே துடைத்து இறங்கியதில் முழங்கால் இரண்டும் தேய்ந்துபோயிருந்தன. அவர் அதைப் பற்றி முறைப்பட்டதில்லை. இரவில் உப்புத் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு தொலைபேசியில் உழவு மெஷின் வீடியோக்கள் பார்ப்பார். அவ்வளவுதான்.

நான் வேலை செய்யும் சிஞ்ஞோராவின் வீடும் லிபெர்த்தாவில்தான் இருக்கிறது. கணவரை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. சமையலும் துணி அயர்ன் பண்ணுவதும் என் வேலை. அவருக்கு மதோனியே மலையில் ஒரு பழைய கல்வீடு உண்டு. பலெர்மோவிலிருந்து காரில் இரண்டு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைவு. பெருந்தெருவில் இருக்கும் இரும்புக் கேற்றிலிருந்து வீட்டு வாசலுக்கு அறுநூறு மீற்றர் சரளைக் கல் பாதை, இரண்டு வளைவோடு மேலே ஏறும். அங்கே குளிர்காலத்தில் பனி கொட்டும். கீழே பலெர்மோவில் நாங்கள் வெயிலில் துணி காயப்போடும் நாட்களிலும் மேலே முழங்காலளவு பனி கிடக்கும். வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த கிழவர் வயது போய் மகனிடம் போய்விட்டார். அப்போதுதான் சிஞ்ஞோரா எங்கள் இரண்டு பேரையும் கேட்டார்: கீழ்த்தளத்தில் இரண்டு அறை, தோட்டம், இருவருக்கும் முறையான ஒப்பந்தம். ஆனால் முதலில் ஒரு பனிக்காலம் பார்ப்போம், அதுவரை லிபெர்த்தா வீட்டில் என் இடம் எனக்கு இருக்கும் என்றார். அவருக்கு இதய வருத்தம். பாதை மூடிக்கொண்டால் அம்புலன்ஸ் வராது, அப்படியான வீட்டில் ஒரு நாளும் தங்கமாட்டேன் என்று தெளிவாகச் சொன்னார். பாதை எப்போதும் திறந்திருக்க வேண்டும். அது ஒன்றுதான் நிபந்தனை.

அன்று இரவு என் கணவர் சாப்பிடாமல் கதைத்தார். கதைக்காத மனிதர் கதைத்தால் எப்படியிருக்கும் என்று அன்றுதான் கண்டேன். "உழவு மிசினாம் அங்கை. பின்னாலை ஸ்னோ வாருற மிசின் கொழுவிறதாம்" என்று நாலு தரம் சொன்னார். ரயில் நிலையத்துப் பக்கம் கடை வைத்திருக்கும் எங்கள் ஆள் ஒருவர், "சிசிலியிலை ஸ்னோவோ? ஆரும் சிரிக்கப் போறாங்கள்" என்றார். இவர் கோபிக்கவில்லை. படி வேலையை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு, கார்த்திகை முடிவதற்குள் இரண்டு பெட்டியோடு நாங்கள் மலைக்குப் போனோம்.

கொட்டிலில் சிவப்பு நிற டிராக்டர் நின்றது. பக்கத்தில் தார்ப்பாய் போர்த்திய பனி வாரும் மெஷின். அகலமான இரும்பு வாய், வாய்க்குள் முறுக்குக் கத்தி, மேலே வளைந்த குழாய். கத்தி பனியைக் கடித்து உள்ளே இழுக்கும், குழாய் அதைத் தூரத் துப்பும். இதை டிராக்டருக்குப் பின்னால் பூட்டி, பின்பக்கமாகவே ஓட்டிக்கொண்டு போக வேண்டும். எனக்கு இது ஒரு நாள் வேலை என்று தோன்றியது. அவர் நாலு நாள் எடுத்தார்.

மெஷினின் விளக்கப் புத்தகம் இத்தாலி மொழியில் இருந்தது. மகள் மிலானோவில் தாதிப் படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் வீடியோவில் வந்து பக்கம் பக்கமாக வாசித்துச் சொன்னாள். முதல் நாள் டிராக்டரை அங்குலம் அங்குலமாகப் பின்னுக்கு எடுத்து, அதன் பின்பக்கக் கீழ் இரும்புக்கை இரண்டையும் மெஷினின் காதுத் துளைகளுக்கு நேராகக் கொண்டுவந்து இணைப்பு ஊசி போட்டார். இரண்டாம் நாள் மேல் இரும்புக்கையைத் திருகித் திருகி மெஷினை நிலத்துக்கு மட்டமாக்கினார். மட்டமா என்று பார்க்க என் பால் பாத்திரத்தில் தண்ணீர் வைத்தார்! பிறகு டிராக்டரிலிருந்து மெஷினுக்குச் சுழற்சி கொண்டுபோகும் தண்டைக் கொழுவினார். அது 'டக்' என்று பூட்டிய சத்தத்தை என்னைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னார். "இஞ்சாரும், இதைக் கேளும்" என்று கழற்றி மறுபடி பூட்டிக் காட்டினார். நான் அடுப்பில் வெங்காயம் கருகுகிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

சரளைக் கல்லை மெஷின் விழுங்காதபடி அடியில் உள்ள சறுக்குத் தகடுகளை இறக்கி, வாயை நிலத்திலிருந்து இரண்டு விரல் உயர்த்தினார். டயருக்குச் சங்கிலி கட்டினார். குழாயைப் பள்ளப் பக்கம் திருப்பினார். பனி விழுந்த பிறகு பாதை எது, காணி எது என்று தெரியாது என்று இரண்டு கரையிலும் மூங்கில் தடிகள் நட்டு, ஒவ்வொன்றிலும் சிவப்புத் துணி கட்டினார். என் பழைய பிளவுஸ் ஒன்று அதில் போயிற்று. "ஸ்னோ வாறதுக்குள்ளை தேர்த் திருவிழா நடத்தப் போறியளோ?" என்று கேட்டேன். சிரித்தார். பின்னேர வெயிலில் அந்தப் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்ற அவருடைய முகம் எனக்கு இப்போதும் தெரிகிறது. கலியாண வீட்டில்கூட அவர் அப்படிச் சந்தோஷமாக இருக்கவில்லை. இதையும் அவரிடம் பகிடியாகத்தான் சொன்னேன்.

நாலாம் நாள்தான் அந்த போல்ட்டின் கதை வந்தது. தண்டு மெஷினோடு சேரும் இடத்தில் ஒரு சின்ன போல்ட். மகள் வாசித்தாள்: "அப்பா, இது உடையத்தான் வேணுமாம். கல்லு ஏதும் மாட்டினால் இது உடைஞ்சு மிசினைக் காப்பாத்துமாம். அத்தென்சியோனே, கவனம் எண்டு பெரிசாய்ப் போட்டிருக்கு. வேறை போல்ட் போடக் கூடாதாம்."

நான் பின்னாலிருந்து சிரித்தேன். "உடையிறதுக்கெண்டே ஒரு சாமான் செய்து விக்கிறாங்களோ? நல்ல வியாபாரம்."

"அம்மா, நீங்க சும்மா இருங்கோ" என்றாள் மகள்.

நான் சும்மா இருக்கும் பிறவி இல்லை. நான் வளர்ந்தது ஊரில், யுத்த காலத்துப் பொருளாதாரத் தடைக்குள். பற்றரி வராது, பெற்றோல் வராது, சவர்க்காரம் வராது. மோட்டார் சைக்கிளுக்கு நாலு சொட்டுப் பெற்றோலைக் காட்டிவிட்டு மண்ணெண்ணெயில் ஓட்டினோம். ஜாம் போத்தலுக்குள் திரியும் எண்ணெயும் விட்டுப் படித்தோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டோம். எங்கள் கிணற்றுப் பம்பில் உடைந்துபோன ஒரு ஊசிக்குப் பதிலாக நான் பதினாறு வயதில் சைக்கிள் கம்பியை வளைத்துச் செருகினேன். அது மூன்று வருடம் ஓடியது. ஒரு சாமான் உடைந்தால் அது உன்னுடைய கெட்டித்தனத்துக்கு வந்த சோதனை, வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம். இதுதான் என் தலைக்குள் இருந்தது. ஒரு சாமானுக்கு உடைவதே கடமையாக இருக்கலாம் என்பது அந்தத் தலைக்குள் ஏறவில்லை.

கிழவர் டிராக்டர் இருக்கைக்குக் கீழே ஒரு தகரப் பேணியில் இரண்டு போல்ட் விட்டுவிட்டுப் போயிருந்தார். பூட்டியிருந்ததோடு சேர்த்து மூன்று. அது காணாது என்று இவர் கீழே ஊரில் உள்ள இரும்புக்கடைக்கு நடந்து போய், இன்னும் எட்டுக்குச் சொல்லிவிட்டு வந்தார். கிறிஸ்மஸ் பெருநாள் கழிய வரும் என்றானாம் கடைக்காரன்.

மார்கழியில் பேருக்குக் கொஞ்சம் விழுந்தது. தும்புத்தடியாலேயே கூட்டிவிடலாம் போல. வருடம் பிறந்து பொங்கலுக்குக் கிட்டத்தில் இரண்டு நாள் விடாமல் கொட்டியது. மூன்றாம் நாள் காலை வானம் வெளித்திருந்தது. ஏழு மணிக்கு சிஞ்ஞோரா தொலைபேசி எடுத்தார். ஒன்பது மணிக்கு பலெர்மோவிலிருந்து தம்பியோடு வெளிக்கிடுகிறேன், பதினொரு மணிக்குக் கேற்றடியில் நிற்பேன் என்றார். அந்தப் பனிக்காலத்தில் அவர் வருவது அதுதான் முதல் தடவை. சோதனை நாள் அதுவென்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

என் கணவர் வீட்டு வாசலிலிருந்து தொடங்கினார். கழுத்தைப் பின்னுக்குத் திருப்பிக்கொண்டு மெல்ல மெல்லப் போனார். குழாயிலிருந்து பனி ஒரு பெரிய வளைவாய்ப் பள்ளத்தில் போய் விழுந்தது. நான் ஜன்னலடியில் நின்று கைதட்டினேன். உண்மையாகவே தட்டினேன், பகிடிக்கு இல்லை. முதல் வளைவில் பாதையோரப் பழைய மதிலின் கல் ஒன்று மாட்டி முதல் போல்ட் உடைந்தது. இறங்கினார், கல்லை எடுத்தார், இரண்டாவதைப் பூட்டினார். இருபது நிமிடம். பாதி வழி தாண்டியதும் அதுவும் போயிற்று. மூன்றாவதைப் பூட்டி முப்பது மீற்றர் போயிருப்பார். மறுபடி கல், அதுவும் உடைந்தது. அந்த இரண்டு நாள் பனிப் பாரத்தில் மதில் சரிந்து, கல்லெல்லாம் பனிக்குள் புதைந்து கிடந்திருக்கிறது. பத்து மணிக்குக் கிட்ட ஆகிவிட்டது. கேற்றுக்கு இன்னும் இருநூறு மீற்றருக்கு மேல் இருந்தது.

நான் பூட்ஸை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனேன். அவர் மெஷினை நிறுத்திவிட்டுக் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"போல்ட் வந்திட்டுதாம். நேற்றுக் கடைக்காரன் போன் எடுத்தவன்" என்றார். "பெருந்தெரு திறந்திருக்கு. நடந்து போட்டு வாறன். சிஞ்ஞோராவுக்குச் சொல்லும், கீழை பாரிலை கோப்பி குடிச்சுக்கொண்டு ஒரு மணித்தியாலம் இருக்கட்டும்."

ஒரு மணித்தியாலம். கூடிப்போனால் ஒன்றரை. அவ்வளவுதான் அவர் கேட்டது.

"முதல் நாளே வந்து நிக்கிற மனிசியைக் காத்திருக்கச் சொல்லுறதோ? என்ன நினைப்பா? பொறுங்கோ" என்று கொட்டிலுக்கு ஓடினேன். பழைய கேற்றின் பிணைச்சலில் இருந்த போல்ட் ஒன்று அங்கே கிடந்தது. நல்ல உருக்கு. அதே பருமன். கொண்டுவந்து அவர் கையில் வைத்தேன்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது உடையாது" என்றார்.

"உடையாட்டி நல்லதுதானே!"

"இல்லை. உடையாட்டித்தான் கூடாது. ஆறுதலாய்ச் செய்வம். கல்லு இன்னும் கிடக்கும்."

அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை. "இந்தப் பயத்தாலைதான் பத்தொன்பது வருசமாய்ப் படி துடைக்கிறியள்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. போல்ட்டைப் பூட்டினார். நட்டை இறுக்கினார், எப்போதும் போல ஒரு தரம் கையால் ஆட்டிப் பார்த்தார். ஏறி இருந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் சொன்ன வேகத்தில் ஒரு காரியம் செய்தார்.

நாற்பது மீற்றர் போனது. அந்த நாற்பது மீற்றரும் நான் பின்னால் நடந்துகொண்டு, பார்த்தீர்களா, பார்த்தீர்களா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். பிறகு வெடித்தது போல ஒரு சத்தம். போல்ட் உடையவில்லை. அது நான் சொன்னது போலவே உறுதியாக நின்றது. மெஷினின் கியர் பெட்டி பிளந்துவிட்டது. கறுப்பு எண்ணெய் பனியில் ஊறிப் பரவியது. அவர் இறங்கி வந்து, பிளந்த இடத்தில் வெறுங்கையை வைத்துக்கொண்டு நின்றார். இரும்பு குளிர்ந்து சுட்டிருக்கும். கையை எடுக்கவில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று ஆண்பாலில் ஏன் சொல்லி வைத்தார்களோ தெரியாது.

சரியாகப் பதினொரு மணிக்கு சிஞ்ஞோராவும் தம்பியும் வந்தார்கள். நாங்கள் பனி அள்ளும் சவளும் கையுமாகப் பனியைக் கிழித்துக்கொண்டு கேற்றடிக்குப் போனோம். தம்பிக்காரர் நாங்கள் வந்த தடத்தில் மெஷினடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, மெஷினுக்குள் யார் எதைப் போட்டது என்று கேட்டார். என் கணவருக்கு இத்தாலி மொழி அரைகுறை. ஆனால் இதற்கு நிறைய மொழி தேவைப்படவில்லை. "கோல்ப்பா மியா" என்றார். என் பிழை. போல்ட் இல்லை, நான் வேறு போல்ட் போட்டுவிட்டேன், என் பிழை.

நான் பக்கத்தில்தான் நின்றேன். என் இத்தாலி மொழி அவருடையதைவிட எவ்வளவோ நல்லது. கடைக்காரன், மருத்துவர், குவெஸ்தூரா பொலிஸ் அலுவலகத்தில் விசாக் காகிதம் பார்க்கிறவன் எல்லோருடனும் வீட்டுக்காக வாய் திறப்பது நான்தான். அன்று திறக்கவில்லை. சொன்னால் லிபெர்த்தா வீட்டு வேலையும் போய்விடும், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தெருவில் நிற்க முடியாது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மற்றப் பாதி, சிஞ்ஞோராவின் முன்னால் கெட்டிக்காரியாக இருந்த எனக்கு முட்டாளாக நிற்க மனம் வரவில்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது.

தம்பிக்காரர் சிஞ்ஞோராவிடம் சொன்னார், என் காதில் விழத்தான் சொன்னார்: வெயில் நாட்டுக்காரருக்குப் பனியைப் பற்றி என்ன தெரியும். பால் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து மட்டம் பார்த்த மனிதரைப் பற்றி அப்படிச் சொன்னார். 

அவர்கள் திரும்பிப் போன பிறகு மூன்று நாள் சவளால் பாதையைத் திறந்தோம். பாதை திறந்த அன்று பின்னேரம் அவர் இரும்புக்கடைக்குப் போய் எட்டு போல்ட்டையும் வாங்கி வந்தார். "இப்ப என்னத்துக்கு?" என்றேன். "எனக்கெண்டு எடுப்பிச்சவன். வாங்காமல் விட்டால் சரியில்லை" என்றார். ஒப்பந்தம் இல்லை என்று சிஞ்ஞோரா சொல்லிவிட, பங்குனியில் நாங்கள் பெட்டிகளோடு பலெர்மோவுக்கு இறங்கினோம். அவருடைய பழைய படிகளை வேறு ஆள் துடைத்துக்கொண்டிருந்தார். லிப்ட் இல்லாத ஆறு மாடிக் கட்டடங்கள் மூன்று கிடைத்தன. என் வேலை எனக்கு அப்படியே இருந்தது.

மூன்று வருடம் போயிற்று. அந்த எட்டு போல்ட்டும் எங்கள் அலுமாரியில், பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதிக் காகிதங்கள் வைக்கும் லாச்சிக்குள் பிரிக்காத பையில் கிடக்கின்றன. ஒவ்வொரு தரமும் காகிதம் எடுக்கப் போனால் கையில் தட்டுப்படும்.

போன மாதம் சிஞ்ஞோரா மலைவீட்டை விற்கப்போவதாகச் சொன்னார். நான் அவருடைய மேசை விரிப்பை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தேன். "உன் கணவர் பாவம், தங்கமான மனிதர். மெஷின் மட்டும் அவருக்குச் சரிவராது" என்றார். முன்பும் நாலைந்து தரம் இப்படிச் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தரமும் நான் "சி, சிஞ்ஞோரா" என்று ஆமாம் போட்டிருக்கிறேன். அன்று முடியவில்லை. அயர்ன் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, அந்த போல்ட்டைக் கொண்டுவந்தது நான், அவர் வேண்டாம் என்றார், நான்தான் பூட்டச் சொன்னேன் என்றேன். 

சிஞ்ஞோரா சிரித்தார். என் கன்னத்தில் தட்டினார். "நல்ல மனைவி நீ. இத்தனை வருடம் கழித்தும் அவருக்காகப் பொய் சொல்கிறாயே" என்றார்.

உண்மை, சிஞ்ஞோரா, உண்மை என்று இரண்டு தரம் சொன்னேன். உனக்கு மெஷினைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்தால் இப்படித்தான்.

வீட்டுக்கு வந்தபோது அவர் உப்புத் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு இருந்தார். செருப்பைக் கழற்றாமலே எல்லாவற்றையும் கொட்டினேன். சொல்லிவிட்டேன், அவ நம்பவில்லை, என்னை மன்னித்துக்கொள்ளுங்கள், அந்த போல்ட்டை நான் தந்திருக்கக் கூடாது என்றேன். அழுதேன் என்றும் நினைக்கிறேன்.

அவர் தண்ணீரைக் காலால் மெல்ல அளைந்தார். அவசரப்படவில்லை.

"போல்ட்டுக்கு நீர் ஏன் மன்னிப்புக் கேக்கிறீர்?" என்றார். "பூட்டினது நான். தெரிஞ்சுதான் பூட்டினன். அதை நான் எப்பவோ மறந்திட்டன்."

எனக்கு மூச்சு வந்தது. துவாயை எடுத்துக் கொடுத்தேன். அவர் ஒரு காலைத் துடைத்தார், மற்றக் காலைத் துடைத்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார், மூன்று வருடத்துக்கு முன் பனிக்குள் நின்று பார்க்காத பார்வை.

"பயத்தாலை படி துடைக்கிறன் எண்டு சொன்னீரல்லோ" என்றார். "அதுக்கு நீர் ஒண்டும் சொல்லேல்லை."

  அவர் சட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்த் தண்ணீரை ஊற்றிவிட்டு, அடுத்த நாள் வேலைக்குத் தும்புத்தடியை எடுத்துக் கதவோரம் சாத்தி வைத்தார்.